கண்ணாடிக் கூரை வேண்டாம், பொஸ்கியாவோவில் இறங்குங்கள்

"பெர்னினா பாதையில போகணும்னா பெர்னினா எக்ஸ்பிரஸ் ஒண்ணுதான் சார். ரிசர்வேஷன் கட்டியே ஆகணும்" என்று டிராவல் ஏஜென்ட் அடித்துச் சொன்னார். பச்சைப் பொய். சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கும் அதே தண்டவாளத்தில் நாள் முழுக்கச் சாதாரண சிவப்பு ரயில்கள் ஓடுகின்றன. முன்பதிவு தேவையில்லை. ஸ்விஸ் டிராவல் பாஸ் இருந்தால் இத்தாலி எல்லைக்குள் இருக்கும் திரானோ வரைக்கும் அதிலேயே போய்விடலாம். எக்ஸ்பிரஸுக்கு அந்தப் பாஸ் இருந்தாலும் இருக்கைக் கட்டணம் தனி. கூரை வரை வளைந்த கண்ணாடி என்று பெருமையாகச் சொல்வார்கள், ஆனால் அந்த ஜன்னலைத் திறக்க முடியாது. எடுக்கிற படமெல்லாம் பிரதிபலிப்புதான். சாதாரண ரயிலில் பழைய பெட்டியாகப் பார்த்து ஏறினால் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றோடு போகலாம். காது விறைத்துப் போகும், அது வேறு விஷயம்.

செயின்ட் மோரிட்ஸில் ஏறினோம். அந்த ஊரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. நம் பட்ஜெட்டுக்கான ஊரே இல்லை அது. பாதையின் உச்சி ஓஸ்பிட்ஸியோ பெர்னினா, 2,253 மீட்டர். அங்கிருந்து ரயில் கிடுகிடுவென இறங்குகிறது. ஆயிரம் மீட்டருக்கு எழுபது மீட்டர் சரிவு, அதுவும் பல்சக்கரம் இல்லாமல். சும்மா தண்டவாளத்தை ஒட்டிக்கொண்டு போகிறது. 1910-இல் முழுப் பாதையும் திறந்தாயிற்று என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. அல்ப் க்ரூம் நிலையத்துக்குக் கார்ச் சாலையே கிடையாது, ரயில், இல்லையென்றால் நடைதான். எதிரே பாலூ பனியாறு தொங்குகிறது. ஒரு ரயிலை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

இந்தப் பாதை ஓடும் கிராவ்புண்டென் மாநிலத்துக்கு ஜெர்மன், ரோமாஞ்ச், இத்தாலியன் என்று மூன்று ஆட்சிமொழிகள். பெர்னினா கணவாயைத் தாண்டியதும் கடைப் பலகை, ரயில் அறிவிப்பு எல்லாம் இத்தாலிய மொழிக்கு மாறிவிடுகின்றன. நாங்கள் இறங்கிய சிற்றூர் பொஸ்கியாவோவில் சுமார் 3,500 பேர்தான். எங்களோடு இறங்கியவர்கள் காய்கறிப் பையோடு வந்த உள்ளூர்க்காரர்கள் மட்டும். பெட்டியில் இருந்த சுற்றுலாக் கூட்டம் மொத்தமும் கேமராவும் கையுமாகத் திரானோவுக்குப் போய்விட்டது. மெத்தச் சந்தோஷம்.

சதுக்கத்தில் உட்கார்ந்தால் நீரூற்றுச் சத்தமும் மணிக்கூண்டும்தான். சான் விட்டோரே தேவாலயத்தை ஒட்டிய சிற்றாலயத்தில் கம்பிக்குப் பின்னால் மண்டையோடுகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவது நல்லது. ஊரின் தெற்குப் பக்கம் 'ஸ்பானியர் குடியிருப்பு' என்று ஒரு தெரு. ரோஸ், மஞ்சள் என்று சாயம் பூசிய பணக்கார வீடுகள். வயிற்றுப்பாட்டுக்காக ஸ்பெயினுக்கும் ஐரோப்பாவின் மற்ற நகரங்களுக்கும் போய், பேக்கரியும் கஃபேயும் நடத்திச் சம்பாதித்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் திரும்பி வந்து கட்டியவை. மாட்ரிட், பில்பாவோ நகரங்களில் பேர் பெற்ற 'கஃபே சுய்சோ'க்கள் (சுவிஸ் கஃபே என்று அர்த்தம்) இந்தப் பள்ளத்தாக்கு ஆட்கள் தொடங்கியவைதான். துபாய்ப் பணத்தில் எழுந்த வீடுகளைக் கேரளத்தில் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான். சுவிட்சர்லாந்தில் சைவக்காரனுக்குச் சீஸும் ரொட்டியும், ரொட்டியும் சீஸும் என்று நாக்கு செத்துப் போயிருந்தது. இங்கே தங்கிய விடுதியின் கீழேயே சாப்பாட்டுக்கூடம். கறி வேண்டாம் என்று சைகையில் சொன்னதும் விடுதி அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "பிட்சோக்கெரி." பக்வீட் என்ற தானிய மாவில் செய்த பட்டை நூடுல்ஸ். அதை உருளைக்கிழங்கோடும் கீரையோடும் சேர்த்து வேகவைத்து, அடுக்கடுக்காகச் சீஸ் போட்டு, பூண்டும் சேஜ் இலையும் பொரிந்த வெண்ணெயைக் கொதிக்கக் கொதிக்க மேலே ஊற்றுகிறார்கள். பூண்டு வாசம் மேசைக்கு வந்தபோதே பாதிப் பசி போய்விட்டது. மீதிப் பசிக்கு அந்தத் தட்டே அதிகம். விலை 24 ஃப்ராங்க். மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்தேன், மாற்றியிருக்க வேண்டாம்தான், ஆனாலும் கொடுத்த ஒவ்வொரு ஃப்ராங்கும் தகும். இருவருக்கு ஒரு தட்டு போதும், வெட்கப்படாமல் கேளுங்கள். சீஸ் விஷயத்தில் ரென்னெட் (பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது) பார்க்கும் சுத்த சைவர்கள் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பள்ளத்தாக்கின் விவசாய நிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் இயற்கை விவசாயம். கடைகளில் 'நூறு சதவீதம் வால்பொஸ்கியாவோ' என்று முத்திரை போட்டு விற்கிறார்கள். விலை மட்டும் இயற்கையாக இல்லை. பிராஷாதெலா என்ற சோம்பு மணக்கும் வளைய ரொட்டியை வாங்குங்கள். நாள்கணக்கில் கெடாது, வழிச்சாப்பாட்டுச் செலவு மிச்சம்.

ஏரிக்கரை ஊரான லே பிரேசேயில் ரயில் தெருவின் நடுவே கார்களோடு போகிறது, கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கிருந்து ஏரியின் கிழக்குக் கரையோரம் மிராலாகோவுக்கு நடந்தோம். சாலையும் ரயிலும் எதிர்க்கரையில் போவதால் இந்தப் பக்கம் ஈ காக்கை இல்லை. அப்புறம் புருசியோ. ஒன்பது வளைவுகளுள்ள கல்பாலத்தில் ரயில் ஒரு முழுவட்டம் சுற்றித் தன் பாதைக்கு அடியிலேயே நுழைந்து போகிறது. இதைப் பெட்டிக்குள் இருந்து பார்ப்பதைவிட, கீழே புல்வெளியில் நின்று பார்ப்பதுதான் சரி. நுழைவுக் கட்டணமும் இல்லை.

திரானோவுக்குப் போனது மளிகைக்காக. பொஸ்கியாவோவில் கொடுத்த காபிக் காசுக்கு இங்கே மூன்று காபி. ஆனால் நிலைய வாசலில் ஒரு டாக்ஸிக்காரர் 'மடோன்னா' தேவாலயத்துக்கு இருபது யூரோ என்றார். இருபது நிமிடம் கூட நடக்க வேண்டாத தூரம்! நடந்தே போனோம். 1504-இல் மாதா காட்சி தந்த இடம் என்று கட்டியது. நாங்கள் வந்த அதே சிவப்பு ரயில் வாசல் சதுக்கத்தை ஊதிக்கொண்டே கடக்கிறது.

செலவுக் கணக்கை வரிசையாக எழுதுவதாக நினைத்துத்தான் ஆரம்பித்தேன், பிட்சோக்கெரி இழுத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்துத் தண்ணீர் வாங்காதீர்கள், ஊர் நீரூற்றுகளில் பிடித்துக்கொள்ளலாம். எல்லை தாண்டுவதால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ரயில் பனிக்காலத்திலும் ஓடுகிறது. கடைகள் மதியம் மூடிவிடும், ஞாயிற்றுக்கிழமை திறப்பதை நம்ப முடியாது. ரொட்டியைச் சனிக்கிழமை காலையிலேயே வாங்கி வையுங்கள்.