பேஸ்மேக்கர் வைக்கலாமா வேண்டாமா: நான் முடிவெடுத்த விதம்

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டு ஏற்றம் எனக்குப் பழகிய பாதை. வேலைக்குப் போன காலத்தில் தினமும் ஏறினேன், ரிடையர் ஆன பிறகு மார்க்கெட் பையோடு ஏறினேன். போன வருஷம் பாதியிலேயே நிற்க வேண்டி வந்தது. மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு வலிக்கவில்லை, பேட்டரி இறங்கின டார்ச் மாதிரி உடம்பு மங்கிப்போகும், அவ்வளவுதான். "மலை ஒத்துக்கலம்மா, கோயமுத்தூர் வந்துடு" என்றான் மகன். பிறந்ததிலிருந்து இதே 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறவளுக்கு 64 வயசில் புதுசாக என்ன ஒத்துக்காமல் போகும்?

ஈசிஜி எடுத்தால் துடிப்பு நிமிஷத்துக்கு 42. உடனே பேஸ்மேக்கர் (துடிப்பு குறைந்தால் மின்தூண்டல் கொடுக்க நெஞ்சுத் தோலுக்கடியில் வைக்கிற சின்னப் பெட்டி) பேச்சு வந்துவிட்டது, வீட்டில் பெட்டி கட்டாத குறை. ஆனால் கோயமுத்தூரில் பார்த்த இதய டாக்டர் முதலில் கேட்டது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றுதான். பிபிக்கு மெட்டோப்ரோலால், அது துடிப்பைக் குறைக்கும், சரி. அப்புறம் "கண்ணுக்குச் சொட்டு மருந்து ஏதாவது?" என்றார். கிளாக்கோமாவுக்கு, அதாவது கண் அழுத்த நோய்க்கு, டிமோலால் விட்டுக்கொண்டிருந்தேன். கண்ணில் விடுகிற சொட்டு ரத்தத்தில் கலந்து இதயத்தையும் மெதுவாக்கும் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். மாத்திரையை அவர் படிப்படியாகக் குறைத்தார், சொட்டு மருந்தைக் கண் டாக்டர் மாற்றினார், தைராய்டும் பொட்டாசியமும் பார்த்தார்கள். (இந்த மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து.) எல்லாம் மாற்றியும் துடிப்பு பெரிதாக ஏறவில்லை.

அடுத்து 24 மணி நேர ஹோல்டர், ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்கிற கருவி. நெஞ்சில் ஸ்டிக்கர்கள், இடுப்பில் சின்னப் பெட்டி, கூடவே என்ன செய்தேன், என்ன ஆச்சு என்று மணியோடு குறிக்க ஒரு தாள். நான் படுத்துக் கிடக்காமல் வேண்டுமென்றே ஏற்றம் ஏறினேன். ரிப்போர்ட்டில் ராத்திரி தூக்கத்தில் 3 விநாடி இதயம் நின்றிருந்தது என்று பார்த்து வீடே கதிகலங்கியது. டாக்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, தூக்கத்தில் அப்படி வரலாம் என்றார். அவர் பேனாவால் வட்டம் போட்டது இரண்டு இடத்தில். ஒன்று, "பெட்போர்டு, கால் வரலை, நின்னேன்" என்று நான் எழுதிய அதே நேரத்தில் துடிப்பு 54. அந்த ஏற்றத்தில் 100-ஐத் தாண்டியிருக்க வேண்டுமாம். இன்னொன்று, "அடுப்படி, கண் இருட்டுச்சு, மேடையைப் பிடிச்சேன்" என்ற வரிக்கு நேராக 3.6 விநாடி வெறும் நேர்கோடு.

"நம்பரை மட்டும் வெச்சு முடிவு பண்ண மாட்டோம்மா, உங்க கஷ்டமும் இந்தக் கோடும் ஒண்ணா வருதான்னுதான் பார்ப்போம்" என்றார். எனக்கு இருந்தது சைனஸ் நோடு கோளாறு, அதாவது துடிப்பைத் தொடங்கி வைக்கிற இதயத்தின் இடத்திலேயே பழுது. முழு ஹார்ட் பிளாக், அதாவது மேலறையின் மின்தூண்டல் கீழறைக்கு இறங்காமலே போவது என்றால் கதை வேறு, தொந்தரவே இல்லாவிட்டாலும் வைக்கச் சொல்வார்களாம். வைக்காவிட்டால் செத்துப்போவேனா என்று நேராகவே கேட்டேன். "இது ஆயுசைக் கூட்டுறதுக்கு இல்ல, நீங்க நடமாடுறதுக்கும் விழாம இருக்கிறதுக்கும்" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. பயமுறுத்தியிருந்தால் இன்னும் இழுத்தடித்திருப்பேன். வீட்டுக்காரர் திருப்திக்காக வேறொரு டாக்டரிடமும் அதே ரிப்போர்ட்டைக் காட்டினோம், அவரும் அதையேதான் சொன்னார்.

நாத்தனாருக்கு வேறு கவலை: "கடைசி காலத்துல உயிர் போகாம இழுத்துக்கிட்டுக் கிடக்குமாமே?" அதையும் கூச்சப்படாமல் கேட்டேன். பேஸ்மேக்கர் பெட்டி மின்தூண்டல் மட்டும்தான் கொடுக்கும், இதயத் தசை ஓய்ந்துவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தகனத்துக்கு முன்னால் கழற்றிவிட வேண்டும், தீயில் வெடிக்கும், வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். பேட்டரி ஏறக்குறைய 8 முதல் 12 வருஷம், அப்புறம் பெட்டியை மாற்ற வேண்டும். 1958-ல் ஸ்வீடனில் முதன்முதலில் உடம்புக்குள் வைத்துக்கொண்ட ஆர்னே லார்சன் 26 பெட்டி மாற்றி 86 வயசு வரை இருந்திருக்கிறார், எனக்கு ஒன்றிரண்டு மாற்ற என்ன.

ஆபரேஷன் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இடது காறை எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி, ஒரு மணி நேரம்போல. முழங்கால் வலிக்குப் பின்னாளில் எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம் என்பதால் அதற்கு ஒத்துவரும் மாடலாகக் கேட்டு வாங்கினோம். சில வாரம் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும்.

இப்போது பெட்போர்டு ஏற்றத்தில் நிற்பதில்லை, ஆனால் வேகம் பழையபடி இல்லை, முழங்கால் விடாது. அசைவை வைத்துத் துடிப்பைக் கூட்டும் சென்சார் இதில் இருக்கிறது. மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் பஸ் குலுங்கும்போது நான் நடக்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் கூட்டிவிடுமாம்! மலையில் இருப்பவர்கள் முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பெட்டியைச் சோதிக்கும் கருவி கம்பெனிக்குக் கம்பெனி வேறு, உங்கள் கம்பெனியுடையது பக்கத்தில் எங்கே இருக்கிறது? எனக்கு ஒவ்வொரு செக்கப்புக்கும் கோயமுத்தூர்தான்.