ஆலை நிற்காமல் ஆங்குலர்ஜேஎஸ்ஸை விட்டு வெளியே வந்த கதை

சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலைக்கு 2014இல் நாங்கள் எழுதிக்கொடுத்த மென்பொருள், பிரவுசரில் ஓடும் திரைகளை எழுதுவதற்கான கூகுளின் கருவித்தொகுப்பான ஆங்குலர்ஜேஎஸ் 1.2இல் தொடங்கியது. மட்டக்களப்பில் மூன்று பேர் இருந்த சின்ன ஒபிஸுக்கு அதுதான் முதல் பெரிய வேலை. விவசாயியின் பெயர், மூடைக் கணக்கு, தராசு நிறை, ஈரப்பதம், கழிவு, விலை என்று துண்டு (பற்றுச்சீட்டு) அடித்துக் காசு கொடுக்கிற வரைக்கும் எல்லாம் அதற்குள்தான்.

2018 ஜூலை 1 முதல் ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கு நீண்டகால ஆதரவு மட்டும்தான், புதிதாக எதுவும் சேராது என்று கூகுளின் குழு அறிவித்தது. முடிவுத் திகதி 2021 ஜூன் 30. கொவிட் வந்ததால் அதை 2021 டிசெம்பர் 31க்குத் தள்ளினார்கள். மூன்றரை வருட அவகாசம். அதில் மூன்று வருடத்தை நாங்கள் சும்மா கழித்தோம். ஆலையில் ஒரு நாளும் பிரச்சினை வரவில்லை, அதனால் யாரும் அதைத் தொடவில்லை.

ஆலை முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. “தம்பி, ஜனவரி ஒண்டாம் திகதி காலையில இது வேலை செய்யுமா, செய்யாதா?”

“செய்யும் ஹாஜியார். ஆனா இனி ஓட்டை ஏதும் கண்டுபிடிச்சா அடைக்க ஆள் இல்ல. புது பிரவுசர் வந்து ஏதாவது உடைஞ்சாலும் நாமதான் பாத்துக்கணும்.”

கொஞ்சம் யோசித்தார். “மெஷின் ஓடும், ஸ்பெயார் வாறது நிண்டுட்டு. அப்பிடித்தானே?”

இரண்டு பக்கத்தில் நான் எழுதிக்கொண்டுபோன விளக்கத்தைவிட அது தெளிவாக இருந்தது.

2021 செப்டெம்பரில் முழுவதையும் புதிய ஆங்குலரில் திருப்பி எழுதத் தொடங்கினோம். பெயர்தான் ஒன்று, 2016இல் வந்த ஆங்குலர் 2 முதற்கொண்டு அது வேறு பொருள். டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழி, திரையைத் தனித்தனிப் பாகங்களாக எழுதும் கொம்பொனன்ட் என்று எழுதும் முறையே மாறிவிட்டது. நான்கு மாதத்தில் முடிப்பதாகத் திட்டம். அந்த வருடம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்திருந்தார்கள். பெரும்போக விளைச்சல் சரிந்தது, நெல் விலை நாளுக்கொன்றாக ஏறியது. பழைய மென்பொருளில் ஒரு போகத்துக்கு ஒரு விலைதான். இப்போது காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை. ஆலைக்கு உடனே வேண்டும் என்பதால் அந்த மாற்றத்தைப் பழையதில் செய்தோம். பிறகு அதையே புதியதிலும் செய்தோம். ஒவ்வொரு கிழமையும் இப்படி. ஜனவரி பிறந்தது, ஆதரவு முடிந்தது, அறுவடை தொடங்கியது. எங்கள் புதிய மென்பொருளால் ஒரு துண்டுகூட அடிக்க முடியவில்லை. அதை நிறுத்தி வைத்தோம். நான்கு மாத உழைப்பு அப்படியே கிடந்தது; எனக்கு அது பெரிய வேதனை.

மட்டக்களப்புக் கல்லடியில் 1924இல் திறந்த பழைய பாலத்தை உடைத்துவிட்டுப் புதியதைக் கட்டவில்லை. பழையதில் வாகனம் போய்க்கொண்டிருக்கப் பக்கத்தில் கட்டி, 2013இல் போக்குவரத்தைத் திருப்பினார்கள். நாங்களும் அந்த வழிக்கு வந்தோம்.

முதலில் செய்தது கோட் சம்பந்தப்பட்டதே அல்ல. ஹாஜியார் கொழும்பிலிருந்து போனில் கணக்குப் பார்ப்பதற்காக லொகின் பக்கத்தை இணையத்தில் திறந்து விட்டிருந்தோம். அதை விபிஎன்னுக்குள், அதாவது அனுமதி உள்ளவர்கள் மட்டும் நுழையும் தனி வழிக்குள், கொண்டுபோனோம். ஆதரவு இல்லாத ஒன்றை வைத்திருப்பவர்கள் முதல் நாளே செய்யக்கூடியது இது. அடுத்து 1.5இல் நின்றிருந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸைக் கடைசி வரிசையான 1.8க்கு ஏற்றினோம். மறுகா, திரைகளை இயக்கும் பழைய கொன்ட்ரோலர்களை ஒவ்வொன்றாக 1.5இலிருந்தே இருக்கிற கொம்பொனன்ட் வடிவத்துக்கு மாற்றினோம். அப்படி மாற்றிய பிறகு என்ஜிஅப்கிரேட் என்ற இணைப்புக் கருவி மூலம் பழையதும் புதியதும் ஒரே பக்கத்தில் ஓடும். ஒரு திரை புதியது, அடுத்த திரை பழையது, பாவிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இதெல்லாம் 2022இல். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பெற்றோல் இல்லாததால் சம்மாந்துறைக்கு மோட்டார்சைக்கிளில் போகவும் வழியில்லை. யார் வீட்டில் எப்போது கரண்ட் என்று பார்த்து, இரவு இரண்டு மணிக்கும் வேலை செய்தோம்.

துண்டு அடிக்கும் திரைதான் கடினம். நிறை, ஈரப்பதம், கழிவு மூன்றுக்கும் தனித்தனி வொச், அதாவது எண் மாறுகிறதா என்று கண்காணிக்கும் கோட். ஒன்று மாறினால் மற்றது மாறும், அது திரும்பவும் முதலாவதை மாற்றும். ஆங்குலர்ஜேஎஸ் பத்துச் சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, முடியாது என்று பிழை காட்டி நிறுத்திவிடும். அந்தப் பிழை வராமல் இருக்க யாரோ ஒருவர், அநேகமாக நான், 2016இல் கணக்கைக் கொஞ்சம் தாமதிக்கவைக்கும் ஒரு டைமவுட்டை இடையில் செருகியிருந்தார். மூன்று வொச்சையும் எடுத்துவிட்டு ஒரே சூத்திரமாக எழுதினோம். பழைய துண்டுகளைக் கொடுத்து ஓட்டி, ரூபாய் சதம் வரை பொருந்துகிறதா என்று பார்த்தோம். பொருந்தியது. நிம்மதியோடு ஆலையில் போட்டோம்.

அரை மணித்தியாலத்தில் போன் வந்தது. நிறை மட்டும் உள்ள துண்டுகள் வரிசையாகச் சேமிக்கப்படுகின்றன. ஈரப்பதம் வெறுமை, விலை வெறுமை. கணக்குப் பார்க்கும் அக்கா திரையைப் பார்த்து ரைப் பண்ணுவதில்லை. கண் தராசில் இருக்கும், வலது கை நம்பர் கட்டைகளில் ஓடும், ஒவ்வொரு எண்ணுக்கும் பிறகு என்டர். பழையதில் என்டரைப் பிடித்து அடுத்த பெட்டிக்கு நகர்த்த ஒரு சின்ன டிரெக்டிவ் (பெட்டியோடு ஒட்டிவைக்கும் கோட்) இருந்தது, பன்னிரண்டு வரி. எங்கள் பட்டியலில் அது இல்லை. புதிய திரையில் என்டர் அடித்தால் படிவம் சேமிக்கப்பட்டுவிடும். லொறிகள் வாசலில் நிற்க, பழைய திரைக்குத் திருப்பிவிட்டோம். பழையது பக்கத்திலேயே இருந்ததால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்த நாள் அக்காவுக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டு, காலை முழுக்க அவவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதிவைத்தது பதினொரு விஷயம். ஒன்றும் எந்த ஆவணத்திலும் இல்லாதவை.

இன்னொரு இடம், பாமினி. விவசாயிகளின் பெயர்கள் பாமினி எழுத்துருவில் ரைப் பண்ணப்பட்டவை. டேட்டாபேஸில் கிடப்பது ஆங்கில எழுத்துகள், திரையில்தான் தமிழ். யுனிகோடுக்கு மாற்றும்போது ‘கொ’, ‘கே’ போன்றவற்றின் கொம்பு பாமினியில் எழுத்துக்கு முன்னால் நிற்கும், யுனிகோடில் பின்னால் வரவேண்டும். அதைச் சரிசெய்தோம். ஆனால் முதலெழுத்துகளைப் பலர் உண்மையிலேயே ஆங்கிலத்தில் அடித்திருந்தார்கள். எம்.ஐ.எம். என்று தொடங்கும் பெயரெல்லாம் ஆ.ஐ.ஆ. என்று வந்தது. ஒருவரின் பெயர் அது. துண்டில் தன் பெயர் பிழையாக இருப்பதைப் பார்க்கும் விவசாயி அந்த ஆலையின் நிறையை எப்படி நம்புவார்? விதி எழுதித் தீர்த்தது பாதி. மீதியை அக்காவும் நானும் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்துத் திருத்தினோம்.

2023 சிறுபோக அறுவடை முடிந்த பிறகு கடைசித் திரையும் புதியதுக்கு வந்தது. ஆங்குலர்ஜேஎஸ்ஸை ஏற்றும் வரியை அழித்து, ஆலையில் நானே நின்று ஓட்டிப் பார்த்தேன். அக்கா தலையைத் தூக்கவில்லை. நிறை, என்டர், ஈரப்பதம், என்டர். பிரிண்டர் துண்டைத் தள்ளியது.