நீராவி பாய்லர் மாற்றும் முன் ரேடியேட்டரை எண்ணுங்கள்

பாஸ்டன், நியூயார்க், நியூ ஜெர்சி பக்கம் 1930-க்கு முன்பு கட்டிய பல வீடுகளில் இன்னமும் நீராவிதான், அறைகளில் உள்ள ரேடியேட்டர் என்ற இரும்புச் சூடேற்றிகளை நிரப்பி, குளிரைத் தாங்குகிறது. அடித்தளத்து பாய்லர் ஓட்டை விழுந்ததும் வரும் கான்ட்ராக்டர்களில் ஒருவர் பழைய பாய்லரின் அளவு பொறித்த தகட்டைப் பார்த்து அதே அளவுக்கு விலை சொல்வார். இன்னொருவர் வீடு எத்தனை சதுர அடி என்று கேட்பார். இரண்டு பேரையும் நம்ப வேண்டாம்.

வெந்நீர் பாய்லருக்கு வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிடுவது சரி. நீராவிக்கு அது உதவாது. சுடாத இரும்பைத் தொட்ட நீராவி அங்கேயே தண்ணீராகிவிடும். எல்லா ரேடியேட்டரும் நிறையும் அளவுக்கு பாய்லர் ஆவி தராவிட்டால் கடைசி அறை குளிர்ந்தே கிடக்கும். ஆகவே பாய்லரின் அளவை முடிவு செய்வது ரேடியேட்டர்கள்தான். பழைய தகட்டுக்கு அங்கே வேலையே இல்லை. அது நிலக்கரிக் காலத்துக் கணக்காக இருக்கலாம். அதற்குப் பிறகு யாராவது நாலு ரேடியேட்டரைக் கழற்றியும் இருக்கலாம்.

கணக்கின் அலகு இ.டி.ஆர்., அதாவது ரேடியேட்டரின் சதுர அடி. ஒரு சதுர அடி மணிக்கு 240 பி.டி.யு. (வெப்பத்தின் அலகு) வெப்பம் தரும். அளப்பது எளிது: தரையிலிருந்து உயரம், பக்கம் பக்கமாகக் கோத்த துண்டுகளான செக்‌ஷன்களின் எண்ணிக்கை, பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு செக்‌ஷனில் தெரியும் தூண்கள். பழைய வார்ப்பிரும்புத் தூண் ரேடியேட்டர்களில் 38 அங்குல உயரம், 3 தூண் என்றால் செக்‌ஷனுக்கு 5 சதுர அடி. 2 தூண் என்றால் 4. 32 அங்குலத்தில் 3 தூணுக்கு 4.5, 2 தூணுக்கு 3.33. 26 அங்குலத்தில் 3.75, 2.67. மெல்லிய குழாய் வகைக்கும் கன்வெக்டர் என்ற பெட்டி வகைக்கும் எண்கள் வேறு, அவற்றுக்கான அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூடத்தில் 38 அங்குலம், 3 தூண், 10 செக்‌ஷன் இருந்தால் 50 சதுர அடி. இப்படியே அறை அறையாகப் போய்க் கூட்டுங்கள்.

மொத்தம் 300 வந்தது என்று வைத்துக்கொள்வோம். புது பாய்லரின் தகட்டில் 'நெட் ஸ்டீம், சதுர அடி' (ரேடியேட்டர்களுக்கு மிஞ்சும் ஆவி) என்ற வரியில் 300-ஐ ஒட்டிய எண் இருக்க வேண்டும். அவ்வளவுதான். குழாய்களைச் சூடாக்குவதற்கான 33 சதவீதத்தைத் தனியே ஒதுக்கிய பிறகு வரும் எண்தான் அது. அதன்மேல் 'எதற்கும் இருக்கட்டும்' என்று இன்னும் கொஞ்சம் சேர்ப்பதில்தான் பலரும் கெடுகிறார்கள். சரிபார்க்க: 300 × 240 = 72,000. அதை 1.33-ஆல் பெருக்கினால் பாய்லர் வெளியிடும் வெப்பம் சுமார் 96,000. 82 சதவீதத் திறனில் எரிவாயு உள்ளீடு 1,17,000 பி.டி.யு. அதே வீட்டில் 2,00,000 உள்ளீடும் 80 சதவீதத் திறனும் கொண்ட பழைய பாய்லர் இருந்தால், அது 500 சதுர அடிக்கானது. 'அதே அளவில் போட்டுவிடலாம்' என்பவர் மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாக உங்கள் தலையில் கட்டுகிறார். ரேடியேட்டர் வாங்கிக்கொள்ள முடியாத ஆவி அழுத்தமாக ஏறும், பாய்லர் அணையும், மறுபடி பற்றும். எரிவாயுவும் வீண், பாகங்களும் சீக்கிரம் தேயும்.

275, 325 என்று இரண்டு அளவுதான் கிடைக்கிறதா? குழாய்களுக்கு ஒரு அங்குலக் கண்ணாடியிழைக் காப்பு இருந்தால் 275-ஐ எடுப்பேன். அதன் மொத்த வெளியீடு 366 சதுர அடிக்குச் சமம். ரேடியேட்டருக்குப் போக 66 மிஞ்சும், காப்பிட்ட குழாய்க்கு அது தாராளம். குழாய் மொட்டையாக இருந்தால் காப்புக்குச் செலவழியுங்கள், பெரிய பாய்லருக்கு அல்ல. பழைய வெள்ளைக் காப்பு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும், அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

95 சதவீதத் திறன் என்று விளம்பரம் வந்தால், அது வெந்நீர் பாய்லருக்கானது. புகையில் உள்ள ஈரம் குளிர்ந்து தண்ணீரானால்தான் அந்தத் திறன் கிடைக்கும். கொதிக்கும் பாய்லரில் அது நடக்காது. வீட்டு எரிவாயு நீராவி பாய்லருக்கு 2021 முதல் அமெரிக்கச் சட்டப்படி குறைந்தபட்சம் 82 சதவீதம். சந்தையில் கிடைப்பவையும் அதை ஒட்டியே இருக்கும் என்பதால், திறனை வைத்து மாடல்களை ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை.

நல்ல பாய்லரும் கெட்டுப்போகும் இடம் அதைச் சுற்றியுள்ள குழாய். தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள படத்தை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஹெடர் (பாய்லரிலிருந்து ஆவி ஏறிச் சேரும் கிடைமட்டக் குழாய்) குறைந்தது 24 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும். ஆவியோடு ஏறும் துளிகள் பிரிந்து விழ அந்த உயரம் தேவை. ஹெடரின் கடைசியிலிருந்து, பிரிந்த தண்ணீரைப் பாய்லருக்குத் திருப்பும் ஈக்வலைசர் குழாய் இறங்க வேண்டும். ரேடியேட்டர்களிலிருந்து தண்ணீர் திரும்பும் ரிட்டர்ன் குழாய் அதில் தண்ணீர் மட்டத்துக்கு 2 முதல் 4 அங்குலம் கீழே, நிப்பிள் என்ற குட்டையான இணைப்புத் துண்டால் சேர வேண்டும். அங்கே நீண்ட நிப்பிள் போட்டால் 'டொம் டொம்' என்று குழாய் அடிக்கும். ஹெடருக்குச் செம்பு வேண்டவே வேண்டாம். சூட்டில் அது அதிகம் விரிந்து சால்டர் இணைப்புகளை இழுக்கும். மரையிட்ட கறுப்பு இரும்புக் குழாய்தான் சரி.

அழுத்தத்தையும் பாருங்கள். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் சாம்பல் நிறக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் வெளி அளவுகோலை 0.5-இலும், மூடியைத் திறந்தால் தெரியும் வெள்ளைச் சக்கரத்தை 1-இலும் வையுங்கள். இரண்டும் கூடி, 1.5 பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு 1.5 பவுண்டு அழுத்தம்) பர்னர் அணைந்துவிடும். பிரஷர் குக்கர் இதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. அழுத்தத்தைக் கூட்டினால் வீடு சீக்கிரம் சூடாகும் என்பது தவறு. ஒவ்வொரு பி.எஸ்.ஐ.யும் ரிட்டர்னில் தண்ணீரைச் சுமார் 28 அங்குலம் மேலே தள்ளும், காற்றை வெளியேற்றும் ஏர் வென்ட்களும் பாழாகும். சீக்கிரம் சூடாக வேண்டுமானால் மெயின் குழாய்களின் முனையில் பெரிய ஏர் வென்ட் போடுங்கள்.

கடைசி வேலை ஸ்கிம்மிங், அதாவது பாய்லர் தண்ணீரின்மேல் மிதக்கும் எண்ணெயை வழியவிட்டு எடுப்பது. இதைத்தான் பலர் செய்யாமல் போய்விடுகிறார்கள். புதுக் குழாயில் மரை வெட்டிய எண்ணெய் தண்ணீரின்மேல் படலமாகி நுரை தள்ளும். பாய்லரின் தண்ணீரைக் காட்டும் கண்ணாடிக் குழாயில் மட்டம் துள்ளும், ரேடியேட்டருக்குத் தண்ணீரும் சேர்ந்து ஏறும். தண்ணீரைக் கொதிக்கவிடாமல் சூடாக்கி, ஸ்கிம் துளை வழியாகப் பென்சில் தடிமனில் மெதுவாக, மணிக்கணக்கில் வழியவிட வேண்டும். சில வாரம் ஓடியபின் மட்டம் மறுபடி துள்ளினால் இன்னொரு முறை செய்யுங்கள். ஸ்கிம் துளைக்கான குழாய் பொருத்தாமலே வேலையை முடிப்பவர்களும் உண்டு. மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் அது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.