பின்னட்டையிலிருந்து

2024 மார்ச் 4, திங்கள்

ஓராண்டாக நான் தேடிவந்த 1974ஆம் ஆண்டு மார்வெல் காமிக்ஸ் படக்கதை இதழ் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. விற்பவர் தந்துள்ள விவரம் ஒரே வரி: நியர் மிண்ட் நிலை, புத்தம் புதிது போன்றது. கூடவே ஒரு படம்; முன்னட்டை மட்டும், அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தபடியே எடுக்கப்பட்டது. உறையின்மேல் விழுந்த விளக்கொளி, முதுகின், அதாவது இதழ் மடிந்திருக்கும் ஓரத்தின், மேற்பாதியை ஒரு வெள்ளைக் கோடாக மறைத்திருக்கிறது.

விவரத்தைப் பொய் என்று நான் கொள்ளவில்லை. அவர் முன்னட்டையை மட்டுமே பார்த்திருப்பார். முன்னட்டை பளிச்சென்று இருந்தால் மீதியை மனம் தானே நிரப்பிக்கொள்ளும். வாங்குபவன் மனமும் அதையே செய்யும் என்பதால், சில ஆண்டுகளாக எந்த இதழையும் பின்னட்டையிலிருந்து பார்க்கத் தொடங்கி, ஆசையைக் கிளப்பும் முன்னட்டையைக் கடைசிக்கு வைக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறேன். பின்னட்டையில் இருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு விளம்பரம். அதன்மேல் யாருக்கும் காதல் இல்லை. மேசையிலும் தரையிலும் உரசிக் கிடந்த பக்கமும் அதுதான் என்பதால், இதழ் எப்படி வாழ்ந்தது என்பதை அதுவே முதலில் சொல்லிவிடுகிறது.

மார்ச் 5, செவ்வாய்

படங்கள் கேட்டு எழுதினேன். உறையிலிருந்து எடுத்த நிலையில் பின்னட்டை, முதுகு முழு நீளத்துக்கும், நான்கு மூலைகள், முன்னட்டையின் உட்பக்கம், தாள்களைப் பிணைக்கும் இரண்டு கம்பிப் பின்களும் தெரியும்படி நடுப்பக்கம், வாசகர் கடிதப் பக்கம். முன்னட்டையை மட்டும் இரண்டு முறை, ஒன்று நேர் ஒளியிலும் மற்றொன்று பக்கவாட்டிலிருந்து தாழ்ந்து விழும் ஒளியிலும். கேட்டது அதிகம்தான். ஆனால் கேட்டவற்றுள் எது வராமல் போகிறதோ, அதைக் கொண்டே பல இதழ்களை வாங்காமல் தப்பித்திருக்கிறேன்.

மார்ச் 6, புதன்

படங்களுக்குக் காத்திருக்கும்போது அளவுகோலைப் பற்றி எழுதி வைக்கலாம். தரம் 10 புள்ளிகளில் சொல்லப்படுகிறது: 9.4 என்றால் நியர் மிண்ட், 8.0 வெரி ஃபைன், 6.0 ஃபைன், 4.0 வெரி குட், 2.0 குட், 1.0 ஃபேர், 0.5 புவர். புதிதாக வருபவர் முதலில் ஏமாறுவது இந்தப் பெயர்களில்தான். பத்துக்கு இரண்டு மதிப்பெண் வாங்கிவந்த பிள்ளையை எவரும் ‘நன்று’ என்று தட்டிக்கொடுப்பதில்லை, இங்கே தட்டிக்கொடுக்கிறார்கள். ‘குட்’ என்று எழுதப்பட்ட இதழ் கிழிசலும் மடிப்பும் கறையுமாக இருக்கலாம், அப்படியிருந்தும் அந்தச் சொல் தவறாகாது.

இன்னொரு தவறான எண்ணம், குறைகளை எண்ணிக் கழித்தால் தரம் வந்துவிடும் என்பது. முதுகில் மயிரிழை போன்ற ஆறு கோடுகள் இருக்கும் இதழ், ஒரே ஒரு பக்கம் இல்லாத இதழைவிடப் பல படி மேலே நிற்கும். குறை இதழின் உடலைத் தொட்டதா, தோலை மட்டும் தொட்டதா என்பதுதான் முதல் கேள்வி; எத்தனை என்பது அதற்குப் பிறகு.

மார்ச் 8, வெள்ளி

படங்கள் வந்தன. நடுப்பக்கத்தின் படம் மட்டும் வரவில்லை. பின் கழன்றுவிடுமோ என்ற அச்சத்தால் விரிக்கவில்லை என்று எழுதியிருந்தார். நேரில் கொண்டுவந்து காட்ட இசைந்திருக்கிறார்.

வந்த படங்கள் 9.4 என்ற பேச்சை உடனே முடித்துவைத்தன. முதுகில் ஏழெட்டுக் குறுக்குக் கோடுகள் இருக்கின்றன. இதழைத் திறந்து திறந்து மூடும்போது பின்களை ஒட்டி மடிப்பு இழுபட்டு உண்டாகும் கோடுகள் இவை. பக்கவாட்டு ஒளியில் எடுத்த படத்தில் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மை உடையாமல் காகிதம் மட்டும் நெளிந்திருந்தால் அது ஒருவகை. மை உடைந்து அடியிலுள்ள வெள்ளை நார் தெரிந்தால் அது வேறுவகை. முதல் வகையை வெப்பமும் அழுத்தமும் கொடுத்துத் தட்டையாக்கிவிட முடியும். இரண்டாம் வகை எந்த அழுத்தத்துக்கும் மறையாது, ஏனெனில் அங்கே மையே இல்லை. இந்த இதழில் மூன்று கோடுகள் மை உடைந்தவை. அட்டையின் நிறம் அடர்நீலமாக இருந்ததால் அவை பளிச்சென்று தெரிந்தன. வெள்ளை அட்டையாக இருந்திருந்தால் இதே கோடுகள் கண்ணுக்குத் தப்பியிருக்கும், பதிலாக அழுக்கும் பழுப்பும் காட்டிக்கொடுத்திருக்கும். கறுப்பு அட்டை எதையும் மன்னிப்பதில்லை.

பின்னட்டையில் கீழ் மூலை சற்று மழுங்கியிருக்கிறது. லேசான நீர்த்தடம் ஒன்றும் அங்கே இருக்கிறது. முன்னட்டையின் உட்பக்கத்தில் பின்களைச் சுற்றித் துரு பரவவில்லை. இது நல்ல செய்தி, ஏனெனில் துரு பின்னோடு நிற்பதில்லை, காகிதத்துக்குள் இறங்கிச் சுற்றிலும் அதை நொறுங்கச் செய்துவிடும்.

எனது முன்கணிப்பை எழுதி வைக்கிறேன்: 7.0, உட்புறம் சரியாக இருந்தால்.

மார்ச் 9, சனி

வாசகர் கடிதப் பக்கத்தை நான் எதற்காகக் கேட்டேன் என்று விற்பவர் வியந்திருக்கக்கூடும். 1974இல் மார்வெல் நிறுவனம் தன் இதழ்களின் கடிதப் பக்கங்களில் சிறு முத்திரைப் படங்களை அச்சிடத் தொடங்கியது. முதல் வரிசையில் 100 முத்திரைகள். வெட்டியெடுத்துச் சேகரிக்கும்படி வாசகரையே அது கேட்டுக்கொண்டது. சிறுவர்கள் சொன்னதைச் செய்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் எனத் தேதியிட்ட ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ 181ஆம் இதழ், வுல்வரின் என்ற நாயகன் முழுமையாகத் தோன்றிய முதல் இதழ் என்பதால் இன்று பெரும் மதிப்புடையது. அதிலும் ஒரு முத்திரை இருந்தது. அட்டை கண்ணாடிபோல் மின்னியும், முத்திரை இருந்த இடத்தில் ஓட்டையோடு கிடக்கும் பிரதிகள் அதில் உண்டு.

என் அலமாரியிலும் அப்படி ஒன்று இருக்கிறது; அத்தனை புகழ்பெற்றதன்று. வாங்கிய நாளில் அட்டையை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். உள்ளே இருந்த ஓட்டையை நான்கு மாதம் கழித்துக் கதை படிக்கும்போதுதான் கண்டேன். விற்றவர் மறைக்கவில்லை, நான் கேட்கவில்லை.

நேற்று வந்த படத்தில் முத்திரை முழுமையாக இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

இன்று இதழை நேரில் பார்த்தேன். கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டு, சுத்தமான மேசையில், சன்னலிலிருந்து பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்தேன். விரலின் ஈரமும் எண்ணெய்ப்பசையும் பளபளப்பான அட்டையில் பதிந்தால் பிறகு போகாது.

உறையைத் திறக்குமுன் அதன் அடியைப் பார்த்தேன். காகிதம் நொறுங்கும் நிலையில் இருந்தால் அரிசிக் குறுநொய் போன்ற பழுப்புத் துகள்கள் அங்கே சேர்ந்திருக்கும். மூலையை மடித்துப் பார்த்து உறுதியைச் சோதிப்பவர்கள் உண்டு. சோதனை முடியும்போது மூலையும் முடிந்துவிடும் என்பதால் அதை நான் செய்வதில்லை. துகள்கள் இல்லை. பிறகு மூக்கு. பூஞ்சை பிடித்த காகிதத்தின் மக்கல் நாற்றம் எந்தப் படத்திலும் வராது, அது ஒட்டிக்கொண்டால் எளிதில் போகவும் போகாது. பழங்காகிதத்தின் லேசான இனிப்பு வாடை மட்டுமே இருந்தது.

உறையிலிருந்து எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். பின்னட்டையில் பழுப்புப் புள்ளிகள் இல்லை, ராமபாணப் பூச்சி சுரண்டிய தடம் இல்லை. நீர்த்தடம் படத்தில் கண்டதுபோலவே கீழ் மூலையில், கட்டைவிரல் நகமளவு. அடுத்து இதழைக் கண்மட்டத்தில் பிடித்து அடிப்பக்கத்திலிருந்து முதுகைப் பார்த்தேன். முன்னட்டையைப் பின்னால் மடக்கிப் பிடித்துப் படித்த இதழ்களில் மடிப்பு தன் இடத்தைவிட்டு நகர்ந்து, முதுகு ஒரு பக்கமாக உருண்டிருக்கும். இது நேராக இருந்தது.

மூன்று ஓரங்களையும் பார்த்தேன். ஓரம் கசங்கிய இதழைச் சிலர் ஒரு மில்லிமீட்டர் வெட்டிச் சீராக்கிவிடுகிறார்கள். ஐம்பது ஆண்டுக் காற்றில் பழுத்த பக்கங்களுக்கு நேற்று நறுக்கியது போன்ற வெளிறிய விளிம்பு இருந்தால் அங்கே கத்தி பட்டிருக்கிறது என்று பொருள். அதே மாதத்தின் வேறொரு மார்வெல் இதழைக் கொண்டுபோயிருந்தேன். அச்சகத்திலேயே சிறு வேறுபாடு நேர்வதுண்டு என்பதால் அளவு மட்டும் தீர்ப்பாகாது, நிறமும் சேர்ந்து சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்திருந்தன.

பிறகு வண்ணம். உடைந்த கோடுகளின்மேல் பேனாவால் நிறமேற்றுவது பழைய தந்திரம். பூசி மெழுகுதல் என்று நாம் பேச்சுக்குச் சொல்வது இங்கே அப்படியே நடக்கிறது. அட்டையை மெல்லச் சாய்த்தால் அச்சு மை ஒருவிதமாகவும் பேனா மை வேறுவிதமாகவும் மினுங்கும்; உட்பக்கத்தில் சிலவேளை மை கசிந்திருக்கும். புற ஊதா விளக்கின் கீழ் பசையும் பூச்சும் சுற்றியுள்ள காகிதத்திலிருந்து வேறுபட்டு ஒளிரும். 2000இல் தொடங்கிய சிஜிசி என்ற தரப்படுத்தும் நிறுவனம், இப்படித் திருத்தப்பட்ட இதழ்களுக்கு வழக்கமான நீலச் சீட்டுக்குப் பதில் ஊதாச் சீட்டு இடுகிறது. அழுத்தித் தட்டையாக்குவதை மட்டும் அது திருத்தமாகக் கொள்வதில்லை. அந்த வேறுபாடு எனக்கு இன்னும் முழுமையாக ஒப்பவில்லை. ஆனால் சேர்த்ததும் சேர்க்காததும் ஒன்றல்ல என்ற அளவில் புரிந்துகொள்கிறேன். இந்த அட்டையில் எதுவும் சேர்க்கப்படவில்லை.

இதுவரை பார்த்ததெல்லாம் 7.0க்குக் குறையவில்லை. பிறகு பக்கங்களை எண்ணத் தொடங்கினேன்.

அட்டை நீங்கலாக 32 பக்கங்கள், அதாவது நடுவில் மடித்துப் பின்னடித்த 8 தாள்கள். இவற்றுள் மிக உள்ளே இருக்கும் தாள் 15, 16, 17, 18ஆம் பக்கங்களைத் தாங்குகிறது. எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் பின்னட்டையில் கண்ட நீர்த்தடத்தைத் தொடர்ந்தபடியே வந்தேன். அது கடைசிப் பக்கத்திலும் அதற்கு முந்தியதிலும், உள்ளே போகப்போக மங்கியபடி, 19ஆம் பக்கம் வரை இருந்தது. 18இல் இல்லை. 15 வரைக்கும் இல்லை. 14இலும் அதற்கு முந்திய பக்கங்களிலும் இல்லை. தடம் முன்பாதிக்கே எட்டாமல் போயிருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பின்பாதியில் ஈரம் 17ஐயும் 18ஐயும் மட்டும் எப்படி விட்டுவைத்தது என்று யோசித்தேன்.

உள்ளே போகப்போக மங்கி அங்கேயே முடிந்திருக்கலாம் அல்லவா? அப்படியும் ஆகலாம். ஆகவே விற்பவரின் அனுமதியோடு நடுப்பக்கத்தை விரித்தேன். செய்தித்தாள் காகிதத்திலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றுபட்டுப் பழுக்கும். ஓரம் முதலில் பழுக்கும், நடு கடைசியில். இங்கே நடுத்தாளின் ஓரம் மற்ற ஏழு தாள்களைவிட ஒரு படி கூடுதலாகப் பழுத்திருந்தது. உள்ளே ஒளிந்திருக்கும் தாள் வெளித்தாள்களைவிட அதிகம் முதுமை அடைவதற்குக் காரணம் எனக்குத் தோன்றவில்லை. மேல் பின்னின் அருகே, பின் நுழைந்த துளையோடு சேராமல், காலியாக இன்னொரு துளை இருந்தது. கீழ்ப் பின்னின் நுனிகள் ஒருமுறை நிமிர்த்தப்பட்டு மீண்டும் மடக்கப்பட்டவை. வளைவில் கீறல் தெரிந்தது. வேறொரு பிரதியின் நடுத்தாளை எடுத்து இதில் பொருத்தியிருக்கிறார்கள்.

விற்பவரிடம் காட்டினேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தபோது அவருக்கும் அது அன்றுதான் தெரிந்தது என்று நம்பினேன். ஒரு பெட்டி மொத்தமாக வாங்கியதில் வந்த இதழ் என்றும், நடுப்பக்கத்தை ஒருபோதும் விரித்ததில்லை என்றும் சொன்னார். பின் கழன்றுவிடும் என்ற அச்சம் அவருடையதன்று, அவருக்கு விற்றவர் சொல்லிக்கொடுத்தது.

மார்ச் 11, திங்கள்

வாங்கவில்லை. விலையைக் குறைக்க அவர் முன்வந்தார். படிப்பதற்கான பிரதி என்ற விலைக்கு அது நல்ல இதழ்தான். ஆனால் நான் ஓராண்டு தேடியது ஒரே பிரதியாகப் பிறந்து ஒரே பிரதியாக நின்ற இதழை. அவர் விவரத்தை மாற்றி எழுதப்போவதாகச் சொன்னார்; நடுத்தாள் மாற்றப்பட்டது என்று எந்தச் சொற்களில் எழுதலாம் என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தோம்.

மார்ச் 16, சனி

வாரம் முழுதும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது: என் பெட்டியில் இருப்பவற்றின் நடுத்தாளை நான் எத்தனை முறை விரித்திருக்கிறேன்? இன்று காலை முதல் பெட்டியை இறக்கி, ஒவ்வொன்றாகப் பின்னட்டையிலிருந்து பார்த்தேன். முற்பகலுக்குள் பதினான்கு முடிந்தன. நடுத்தாள் எதிலும் மாறியிருக்கவில்லை. ஆனால் ஐந்து இதழ்களில், உறைக்குள் செருகும் தாங்கு அட்டையின் பின்புறம் நானே பென்சிலால் எழுதியிருந்த எண்கள், பிறர் எழுதியிருந்தால் நான் சிரித்திருக்கக்கூடியவை. ஒன்றில் முதுகுக் கோடுகள் ஒன்பது, அவற்றுள் நான்கு மை உடைந்தவை. மூலையில் விரலளவு மடிப்பு. அதற்கு 8.0 கொடுத்திருக்கிறேன். அழித்துவிட்டு 6.0 என்று எழுதினேன். சாய்வொளியில் பிடித்தால் பழைய எட்டின் பள்ளம் அட்டையில் இன்னும் தெரிகிறது.