ஓரியூர் வழியில் இரண்டாவது தொடுதல்

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில், புனித அருளானந்தரின் திருத்தலமான ஓரியூருக்குத் திருயாத்திரை செல்வது, பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்தில் பழகிப்போன ஒன்று. வேன் பிடித்து, விடியற்காலையில் திருப்பலி கண்டு, வழியில் இடைக்காட்டூரில் செபமாலை சொல்லி, நண்பகலுக்குள் ஓரியூரைச் சேர்ந்து, அங்கே இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கும் சிலுவைப்பாதையை முடித்துக்கொண்டு இரவுக்குள் திரும்பிவிடுவோம். இவ்வாண்டு புறப்படும் முன், மதுரை கீழவெளி வீதியிலுள்ள தூய மரியன்னை பேராலயத்தில் எங்களுக்கு ஆசி அளித்த அருட்தந்தை, மாற்கு நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்திலிருந்து பெத்சாய்தா ஊர்ப் பார்வையற்றவரைப் பற்றிய பகுதியை வாசித்தார். அன்று கண்டவை அனைத்தையும் அந்த ஐந்து வசனங்களின் துணையோடுதான் கண்டேன் என்பதால், அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஊரார் ஒருவரை இயேசுவிடம் அழைத்து வருகிறார்கள். அவர் அந்த மனிதரின் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிச் சென்று, கண்களில் உமிழ்ந்து, அவர்மேல் கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர்கள் தெரிகிறார்கள், மரங்களைப் போலத் தெரிகிறார்கள், ஆனால் நடக்கிறார்கள் என்று பதில் வருகிறது. இயேசு மறுபடியும் அவருடைய கண்களின்மேல் கைகளை வைக்கிறார். அதன்பிறகே யாவும் தெளிவாகத் தெரிகின்றன. நற்செய்திகளில் இரண்டு படிகளாக நடந்த குணமாக்குதல் இது ஒன்றுதான். மாற்கு மட்டுமே இதை எழுதியிருக்கிறார். இதை அடுத்து வரும் பகுதியில் பேதுரு, "நீர் மெசியா" என்று அறிக்கையிடுகிறார். அறிக்கையிட்ட கையோடு, ஆண்டவர் பாடுபட வேண்டும் என்பதை ஏற்க மாட்டாமல் அவராலேயே கடிந்துகொள்ளப்படுகிறார். பேதுருவுக்கும் அந்நேரத்தில் பாதிதான் தெரிந்தது. விசுவாசம் வந்துவிட்டாலே பார்வையும் தெளிந்துவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்த அதிகாரம் நல்ல மருந்து. ஆண்டவர் ஒருமுறை தொட்டபிறகும் மனிதர்கள் மரங்களாகவே தெரியக்கூடும். அந்த நிலையை மறைக்காமல் அவரிடம் சொன்னவருக்கே இரண்டாவது தொடுதல் கிடைத்தது.

மதுரையிலிருந்து இந்த யாத்திரையைத் தொடங்குவதில் ஒரு பொருத்தம் உண்டு. இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகர் மதுரைக்கு வந்தது 1606ஆம் ஆண்டில். இந்த மண்ணின் மனிதர்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று அவர் பட்ட பாடு பெரிது. தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார், துறவியாக உடுத்தார், மரக்கறி உணவு மட்டுமே கொண்டார். ஆயினும் உயர்ந்தோர் எனப்பட்டவர்களிடம் நெருங்குவதற்காக அவர் ஏற்ற வாழ்க்கைமுறை, தாழ்த்தப்பட்டோரிடமிருந்து அவரைத் தள்ளியே வைத்தது. அந்தக் குறை 1640ஆம் ஆண்டளவில் ஓரளவு நீங்கியது. எல்லாச் சாதியாரோடும் பழகக்கூடிய பண்டாரசுவாமிகள் என்னும் துறவியர் பிரிவு அப்போது மதுரை மறைபரப்புத் தளத்தில் உருவானது. அந்தத் தளமே ஆண்டவரால் இரண்டாம் முறை தொடப்பட்டது என்றுதான் இதை நான் எண்ணுகிறேன். தத்துவ போதகரோ முதுமையில் கண்பார்வை பெரிதும் மங்கிய நிலையில் மயிலாப்பூரில் வாழ்ந்து 1656இல் இறந்தார். பிறரைக் காண்பதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவருக்குக் கடைசிக் காலத்தில் கண்ணொளி குறைந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மிகுந்த அன்பு பிறக்கிறது.

இடைக்காட்டூர் மதுரையிலிருந்து ஏறத்தாழ 36 கிலோமீட்டர். இராமேசுவரம் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால், வைகைக் கரையின் வயல்களுக்கு நடுவே பிரான்சு நாட்டின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மாதிரியாகக் கொண்ட கோதிக் பாணிக் கோயில் ஒன்று நிற்பது, எத்தனை முறை பார்த்தாலும் வியப்பைத் தருகிறது. பிரெஞ்சுத் துறவியான பெர்டினாண்ட் செல் அடிகளார் 1894இல் கட்டி முடித்த திரு இருதய ஆண்டவர் ஆலயம் இது. கல்லில் செதுக்க வேண்டிய வளைவுகளையும் தூண்களின் மடிப்புகளையும் விதவிதமான அச்சுகளில் வார்த்துச் சுட்ட செங்கற்களைக் கொண்டே இங்கே அமைத்திருக்கிறார்கள். அடிகளாரின் பெயர் நமக்குத் தெரியும். களிமண்ணை மிதித்தவர்கள், சூளைக்கு விறகு சுமந்தவர்கள், உச்சி வெயிலில் சாரத்தில் ஏறியவர்கள் ஆகியோரின் பெயர்கள் நமக்குத் தெரியாது. அன்று செபமாலையின் ஒரு பத்து மணியை, அந்தப் பெயரறியாத வேலையாட்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுத்தோம்.

மானாமதுரையைக் கடந்து, சிவகங்கையைத் தாண்டிக் காளையார்கோவில் சாலையில் செல்லும்போது, சக்கரத்தில் காற்றைப் பார்ப்பதற்காக ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். அங்கே சீமைக்கருவேல விறகில் கரிமூட்டம் போட்டிருந்தார்கள். ஒரு மூட்டம் மண் பூச்சுக்குள்ளிருந்து மெல்லப் புகைந்துகொண்டிருந்தது. இன்னொன்றைப் பிரித்துத் தண்ணீர் தெளித்து, மூன்று பெண்கள் கரியை வாரிச் சலித்துக்கொண்டிருந்தார்கள். தலையில் சும்மாடு, சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, முகத்திலும் கழுத்திலும் படிந்த கரித்தூள் ஆகியவற்றுக்கு நடுவே அவர்களுடைய கண்கள் மட்டும் வெளிறித் தெரிந்தன. சாளரத்தின் வழியாகப் பார்த்துக்கொண்டே கடந்துவிடும் எவருக்கும், அவர்கள் அந்தக் கருவேலங்காட்டின் ஒரு பகுதியாகவே தோன்றியிருப்பார்கள்.

எங்களோடு வந்த பெரியம்மா எழுபதைக் கடந்தவர். வேன் நின்றதுமே இறங்கி, தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு நேராக அவர்களிடம் போனார்.

"என்ன தாயி, இந்த வெயில்ல. எந்த ஊரு?"

"முதுகுளத்தூர்ப் பக்கம்மா. மூட்டம் போடுற எடத்துக்குக் குடும்பத்தோட வந்து தங்கிக்குவோம். நீங்க எங்க, ஓரியூருக்கா?" என்று நடுவயதுப் பெண் ஒருவர் கேட்டார்.

"ஆமா தாயி, அருளானந்தர் கோயிலுக்கு."

"எம் மூத்தவனுக்கு அங்கதாம்மா முடியெறக்குனோம். பொறந்ததுலருந்து நோஞ்சானாக் கெடந்தான், இப்பப் பத்தாவது படிக்கிறான். எம் பேரையும் அவன் பேரையும் சாமிகிட்டச் சொல்லிருங்க."

அவர் நெற்றியில் குங்குமம் வைத்திருந்த பெண். பெரியம்மா இரண்டு பெயர்களையும் கேட்டு, மறந்துவிடக் கூடாதென்று என்னைக் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். பசித்தவரும் தாகமுற்றவரும் அன்னியருமாகத் தம்மையே நாம் சந்திக்கிறோம் என்று மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வதை எத்தனையோ மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். அந்த அதிகாரத்தில் நீதிமான்கள், ஆண்டவரே, எப்பொழுது உம்மைக் கண்டோம் என்று வியப்போடு கேட்கிறார்கள். பெரியம்மாவும் அன்று அந்தப் பெண்ணிடம் இயேசுவைத் தேடிப் போகவில்லை. வெயிலில் நிற்கும் ஒரு தாயைப் பார்த்துப் போனார். பிறரைத் தன் புண்ணியத்துக்கு ஏணியாக்கிக்கொள்ளாத பார்வையே கிறித்தவப் பார்வை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திருவாடானையைக் கடந்து ஓரியூரை அடைந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. லிஸ்பன் நகரில் 1647இல் உயர்குடியில் பிறந்து, அரச குடும்பத்துப் பிள்ளைகளோடு வளர்ந்த ஜான் தெ பிரிட்டோ, சேசு சபைத் துறவியாகி இங்கே வந்து, பண்டாரசுவாமியாகக் காவி உடுத்தி அருளானந்தர் ஆனார். 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டுக் கொடிய வதைகளுக்குப் பிறகு விடுவிக்கப்பட்டார். மறுஆண்டு சபைப் பணிக்காகப் போர்ச்சுகல் அனுப்பப்பட்டபோது அங்கேயே அவரை இருத்திக்கொள்ள அரசர் விரும்பினார். அவரோ 1690இல் திரும்பி வந்தார். மறவர் நாட்டு அரச குடும்பத்தவரான தடியத்தேவர் நோயிலிருந்து நலம் பெற்று ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்ற நிபந்தனையைத் தேவர் ஏற்றார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் மறவர் நாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவருடைய முறையீட்டிலிருந்து தொடங்கிய நிகழ்ச்சிகள், 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டதில் முடிந்தன. அன்று தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன்.

இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் அந்தப் பெண்ணை வஞ்சகியாகச் சித்திரிப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் குற்றம் எதுவுமின்றி ஒரே நாளில் வாழ்விடமும் மதிப்பும் இழந்த ஒரு பெண் தன் வீட்டாரிடம் அழுததில் என்ன வஞ்சகம் இருக்கிறது? மறைசாட்சியின் புனிதத்தைப் போற்றுவதற்கு அவரை இழிவுபடுத்த வேண்டிய தேவை இல்லை. கிறித்து அந்தப் பெண்ணுக்காகவும்தான் சிலுவையில் மரித்தார் என்பதை மறந்துவிட்டு, அருளானந்தரின் கதையை நம்மால் சரியாகச் சொல்ல முடியாது.

அருளானந்தரே அப்படிப்பட்ட பார்வை கொண்டவர்தான். தம்மை வெட்ட வந்தவர் தயங்கி நின்றபோது, அவரை நண்பரே என்று அழைத்து, தம் செபம் முடிந்துவிட்டது என்றும் இடப்பட்ட கட்டளையை நிறைவேற்றலாம் என்றும் சொன்னதாக வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். வாளேந்தி நிற்பவரைக் கொலையாளி என்றோ அரசனின் கருவி என்றோ காணாமல், தயங்கும் மனம் கொண்ட ஒரு மனிதராகக் கண்டார். 1947இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்ததற்குக் காரணங்கள் பல இருக்கலாம். எனக்கு அந்த ஒரு சொல் போதும்.

அவருடைய இரத்தத்தால் சிவந்தது என்று மக்கள் நம்பும் செம்மண்ணை வருவோரெல்லாம் நெற்றியில் இட்டுக்கொண்டு, ஒரு சிட்டிகையைத் தாளில் மடித்து எடுத்துச் செல்கிறார்கள். வருவோரில் இந்துக்கள் மிகுதி. பிள்ளைக்கு முடியிறக்குகிறார்கள், பிள்ளைவரம் வேண்டித் தென்னங்கன்று நேர்ந்துகொள்கிறார்கள், கிடாய் வெட்டி அசனம் போடுகிறார்கள். மரத்தடியில் சமைத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தார், பந்தியில் இடம் விட்டு எங்களையும் அழைத்தார்கள். தவக்காலம் முழுவதும் புலால் விலக்கிச் சுத்தபோசனம் காக்கும் பெரியம்மா, கறி வேண்டாம் என்றதும், இலை போட்டுக்கொண்டிருந்த இளைஞர், "ஒருசந்தியா ஆத்தா? இருக்கட்டும், ரசம் ஊத்துறேன், உக்காருங்க" என்றார். பெரியம்மா அந்த வரிசையிலேயே அமர்ந்து சோறும் ரசமும் சாப்பிட்டார். யார், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

கடைசிக் கேள்வியை நம்மவர்களே கேட்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஒரே நற்கருணையை உட்கொள்கிறவர்கள் இறந்தபிறகு தனித்தனி இடங்களில் புதைக்கப்படும் கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கின்றன. தேர் எந்தத் தெருவுக்குள் வர வேண்டும் என்பதில் வழக்காடும் பங்குகள் இருக்கின்றன. பண்டாரசுவாமியாக எல்லாத் தெருக்களிலும் நடந்த ஒருவரின் திருத்தலத்துக்கு வேனில் வந்து மண் எடுத்துச் செல்கிறவர்கள், ஊர் திரும்பியதும் சாதி பார்ப்பது அவர் சிந்திய இரத்தத்தை அவமதிப்பதாகும். மனிதரை மனிதராகக் காணாத கண் இன்னும் குணமாகவில்லை. அதை ஆண்டவரிடம் ஒத்துக்கொள்ளாமல் எத்தனை நவநாள் சொல்லி என்ன பயன்?

பிற்பகல் சிலுவைப்பாதையில், வெரோனிக்கா ஆண்டவரின் முகத்தைத் துடைக்கும் 6ஆம் நிலையில், அவரவர் கருத்துகளைச் சொல்லி மன்றாட நேரம் தரப்பட்டது. பெரியம்மா என்னிடம் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, முதலில் அந்தத் தாயின் பெயரையும் மகனின் பெயரையும் வாசித்து, வர இருந்த பத்தாம் வகுப்புத் தேர்வுக்காக வேண்டினார். அதன்பிறகு, பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த தம் மருமகளின் பெயரைச் சொன்னார். அவருக்காக எதையும் கேட்கவில்லை, பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். முன்பின் அறியாதவரிடம் கனிவோடு பேசுவதைவிட, ஒரே கூரையின் கீழ் மனத்தாங்கலோடு வாழ்கிறவரின் பெயரைச் சபையில் உச்சரிப்பது எவ்வளவு கடினம் என்பது குடும்பத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் அன்பியத்தார் கூடிப் பேசி, அடுத்த தவக்கால யாத்திரையில் அந்தத் தாய்க்கும் மகனுக்கும் வேனில் இடம் வைப்பது என்று முடிவு செய்தார்கள். அதற்குள் அவர்கள் வேறு மூட்டத்துக்குப் போய்விடுவார்கள் என்று ஓட்டுநர் எச்சரித்ததால், பெரியம்மா காளையார்கோவில் சாலையில் மறுபடியும் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவர்களுடைய சொந்த ஊரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.