மட்டையைத் திருப்பிப் பாருங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஹூத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு உலாட் புங்குஸ் தெரியும். ஓலைத் துணுக்குகளால் பை கட்டி மட்டைக்கு அடியில் தொங்கும் புழு. இன்று காலை அப்பாவோடு நடந்தபோது எங்கள் துண்டு நிலத்தில் ஒரே நிரையில் மூன்று மரங்களின் ஓலை சல்லடையாகிக் கிடந்தது. மனசு கனத்துவிட்டது.

இந்தப் புழு வளர்ந்தால் அந்துப்பூச்சி. அதில் பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. பைக்குள்ளேயே முட்டையிட்டு அங்கேயே செத்துப்போகும். பரவுவது குஞ்சுப் புழுக்கள்தான். நூல் விட்டுத் தொங்கி, காற்றோடு அடுத்த மரத்துக்குப் போய்விடும். ஆண் மட்டும் பெண்ணின் வாசனையைத் தேடிப் பறந்து வரும். அந்த வாசனையை வைத்துத்தான் பொறி தொங்கவிடுகிறார்கள்.

அமெரிக்கக் காடுகளைத் தின்னும் ஸ்பாஞ்சி அந்துப்பூச்சியையும் இப்படித்தான் பின்தொடர்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து போன அந்த இனத்திலும் பெண் பறக்காது. வண்டியிலும் விறகிலும் ஒட்டிய முட்டைகள்தான் ஊர்விட்டு ஊர் போகின்றன.

நம் நாட்டில் 2013-இல் உலாட் புங்குஸை ஆபத்தான பூச்சி என்று அரசிதழில் அறிவித்தார்கள். பக்கத்து நிலத்து அண்ணன்மாரே, கண்டவுடன் மருந்தடித்து, இந்தப் புழுவை அழிக்கும் நல்ல குளவிகளையும் கொன்றுவிடாதீர்கள். முதலில் மட்டைக்குக் கீழே பைகளை எண்ணிப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சேர்ந்து குறித்துவைப்போம்.