ஸ்டாக்ஹோமில் இஷா எப்போது?

சேலம் கோட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். தொழுகை நேரத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே இங்கே வந்ததில்லை. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம் போல்தான் வித்தியாசம். பாங்குச் சத்தத்தை வைத்தே நாள் ஓடிவிடும்.

மகள் கல்யாணமாகி ஸ்டாக்ஹோம் போனாள். 2016இல் நோன்பு ஜூன் மாதத்தில் வந்தது. அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி தாண்டும்; மூன்றரைக்கெல்லாம் உதித்துவிடும். “அத்தா, மஃரிப் தொழுது எவ்வளவு நேரமானாலும் வானம் இருட்டவே மாட்டேங்குது. இஷா எப்பத் தொழுறது? ஸஹர் எப்ப முடிக்கிறது?” என்று கேட்டாள். சூரியன் மறைந்ததும் தொழுவது மஃரிப், வானம் இருண்டபின் தொழுவது இஷா, விடியல் வெளிச்சம் வருமுன் சாப்பிட்டு முடிக்கிற நோன்புச் சாப்பாடு ஸஹர்.

சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 டிகிரி வரை இறங்கினால்தான் முழு இருட்டு. ஜூன் நடுநிசியிலும் ஸ்டாக்ஹோமில் அது 7 டிகிரிதான் இறங்குகிறது. இன்னும் வடக்கே, நார்வேயின் துரோம்ஸோவில் இரண்டு மாதம் சூரியன் மறைவதே இல்லை.

இதற்கு வழி ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. உலக முடிவுக்கு முன் வரும் பெரும் பொய்யனான தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஒரு வருடம்போல் நீளும் என்று நபி (ஸல்) சொன்னபோது, அன்றைக்கு ஒரு நாள் தொழுகை போதுமா என்று அவர்களுடைய தோழர்களான ஸஹாபாக்கள் கேட்டார்கள். போதாது, நேரத்தைக் கணித்துக்கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) சொன்னார்கள். அதை வைத்துத்தான் மார்க்க அறிஞர்களான உலமாக்கள் கணக்குப் போடுகிறார்கள். இரவு வருகிற பக்கத்து ஊரின் நேரத்தை எடுப்பவர்கள் உண்டு, இரவை ஏழாகப் பிரித்து முதல் பங்கு முடிந்ததும் இஷா தொழுபவர்கள் உண்டு, மக்காவின் நேரத்தை எடுப்பவர்களும் உண்டு.

ஒரு கல்யாண வீட்டில் இதைச் சொன்னபோது, “ஒரே ஊர்ல ரெண்டு நேரமா? அதென்ன தொழுகை?” என்றார் ஒருவர். மனசு வலித்தது. தமிழ்நாட்டிலேயே ஷாஃபி, ஹனஃபி என்று இரண்டு மார்க்கச் சட்ட வழிகள் உண்டு; ஷாஃபி பள்ளியில் மாலைத் தொழுகையான அஸர் முந்தி, ஹனஃபி பள்ளியில் பிந்தி. அதை யார் குறை சொல்கிறோம்? நேரம் தெரியவில்லையே என்று தொழுகையை விடாமல் விசாரித்துத் தொழுகிறார்களே, அந்த அக்கறை சாதாரணமானதா?

ஸ்டாக்ஹோமில் உள்ள பெரிய பள்ளிவாசல் ஒரு பழைய மின்நிலையக் கட்டடம். 2000இல் பள்ளியாகத் திறந்தார்கள். பெண்களுக்கும் இடமுண்டு. மகளுக்கு அது பெரிய ஆறுதல்.

டிசம்பரில் நிலைமை நேர்மாறு. மூன்று மணிக்கு முன்பே மஃரிப் வந்துவிடும். நண்பகல் தொழுகையான லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் ஆபீஸ் நேரத்துக்குள்தான். பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்புகிறவர்கள் கம்பளிச் சட்டையோடு இதையும் சொல்லி அனுப்புங்கள்: போனதும் ஒரு பள்ளிவாசல் ஜமாஅத்தைத் தேடிச் சேரட்டும், அவர்களுடைய அட்டவணையையே வருடம் முழுக்கப் பின்பற்றட்டும். வேலைக்குச் சேரும்போதே தொழுகை இடைவேளையைப் பேசி வைத்துக்கொள்ளட்டும்.